மாதிரிக் குரல்

காய்கறி மொத்தச் சந்தையில் அவருடைய சொந்தப் பெயரைச் சொல்லி விசாரித்தால் ஒருவருக்கும் தெரியாது. வெண்கலம் என்று கேட்டால் நாலாவது கொட்டகைக்குக் கையைக் காட்டுவார்கள். கையைக் காட்டக்கூட வேண்டியதில்லை, காது இருந்தால் போதும். தக்காளிக் கூடைகளுக்குப் பக்கத்தில் பலகை மேல் ஏறி நின்று அவர் ஏலம் கூற ஆரம்பித்தால், வாசலில் லாரியைத் திருப்பிக்கொண்டிருக்கும் ஓட்டுநருக்கே அன்றைய விலை தெரிந்துவிடும். சந்தைச் சங்கத்தார் ஒரு தடவை மைக் வைத்துத் தருவதாகச் சொன்னார்கள். "என் சத்தத்துல அது வெடிச்சிடும், பாவம், விட்டுடுங்க" என்று திருப்பி அனுப்பிவிட்டார். வாய்க்கொழுப்புதான். ஆனால் அந்த வாய்க்கு அந்தக் கொழுப்பு தகும்.

அவர் ஏலக்காரராகப் பிறந்தவர் இல்லை. மூட்டை தூக்க வந்தவர். ஒரு நாள் ஏலம் கூறுகிறவர் வரவில்லை. வெயில் ஏறிக்கொண்டிருந்தது, கத்தரிக்காய் வாடிக்கொண்டிருந்தது, முதலாளிமார் ஆளாளுக்குக் கையைப் பிசைந்துகொண்டிருந்தார்கள். இவர் முதுகிலிருந்த மூட்டையை இறக்கிவிட்டு அதன் மேலேயே ஏறி நின்று, "ஒரு தரம்!" என்று ஒரு குரல் கொடுத்தார். கொட்டகைக் கூரையில் இருந்த புறாவெல்லாம் பறந்து போனதாகச் சொல்வார்கள். சந்தைக்காரர்கள் எதையும் கொஞ்சம் ஏற்றித்தான் சொல்வார்கள், ஆனாலும் அன்றோடு அவர் மூட்டை தூக்கியது முடிந்தது என்பது நிஜம்.

குரல் பாதி வேலைதான். மீதி கண்ணில் இருந்தது. விலை கேட்கிறவன் வாயை அவர் பார்க்க மாட்டார், இமையைப் பார்ப்பார். உண்மையாகவே சரக்கு வேண்டும் என்பவனுடைய இமை அசையாது. சும்மா விலையை ஏற்றிவிட்டு நழுவப் பார்க்கிறவனுக்கு, கேட்டு முடித்ததும் இமை ஒரு தரம் படபடக்கும். "உனக்கு வேணாம்னு உன் கண்ணு சொல்லுதே, ராசா. ஓரமா நில்லு" என்பார். அவன் பல்லை இளித்துக்கொண்டு ஓரமாகப் போவான். அந்தக் கணக்கில் அவர் தவறியதாக யாரும் சொன்னதில்லை.

பள்ளிக்கூட விடுதிக்குக் காய் வாங்க வந்த அலுவலகப் பெண்ணைத்தான் அவர் கட்டிக்கொண்டார். எடை குறைகிறது என்று சண்டைக்கு வந்தவள். எல்லாரிடமும் ஊர் அதிரப் பேசுகிற மனிதர், அவளிடம் மட்டும் தணிந்த குரலில், "குறையாதும்மா, நான் பார்த்துக்கறேன்" என்று சொன்னாராம். சந்தையே திரும்பிப் பார்த்தது. இந்த ஆளுக்கு இப்படியும் ஒரு குரல் இருக்கிறதா என்று அதிசயப்பட்டார்கள். அதன் பிறகு அந்தக் குரலை வெளியாள் யாரும் கேட்டதில்லை. அது வீட்டோடு தங்கிவிட்டது.

பிள்ளை குட்டி இல்லாத வீடு. இரண்டு அறை, ஒரு சமையலறை, இரண்டு பேர் பேச்சு. மின்கட்டணம் முதல் செருப்புக்கு வார் மாற்றுவது வரை எல்லாவற்றையும் அவளே பார்த்துக்கொண்டதால், அவர் அவளை மேனேஜரம்மா என்று கூப்பிடுவார். கிண்டலுக்காக ஆரம்பித்தது, பிறகு அதுவே பெயராகிவிட்டது. மாலையில் முன்னறை நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு, "மேனேஜரம்மா" என்று கடைசி எழுத்தைக் கொஞ்சம் இழுத்துக் கூப்பிடுவார். "இதோ வந்துட்டேங்க" என்று சமையலறையிலிருந்து பதில் வரும். உடனே வருவாள் என்று அர்த்தமில்லை. அவர் கூப்பிட்டதற்கும் பெரிய காரணம் இருக்காது.

பிறகு குரல் கரகரத்தது. ஏலக்காரருக்குத் தொண்டை கட்டுவது புதிதா என்று வெந்நீரும் மிளகுமாக ஓட்டினார்கள். கட்டியது அவிழவில்லை. மருத்துவமனையில் குழாய் விட்டுப் பார்த்தார்கள், சதையைக் கிள்ளி எடுத்து அனுப்பினார்கள், பிறகு அறைக் கதவைச் சாத்திவிட்டு மருத்துவர் பேசினார். குரல்வளையையே எடுத்துவிட வேண்டும். எடுத்தால் உயிர் தங்கும். பேச்சு தங்காது.

மேனேஜரம்மாவுக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவர்தான் அவளைத் தட்டிக்கொடுத்தார். "விடு. இவ்வளவு நாள் கத்தினது போதாதா? ஊர்க்காரங்க நிம்மதியா தூங்கட்டும்" என்றார். வெளியே வந்து தண்ணீர்க் குழாயடியில் முகத்தைக் கழுவுகிற சாக்கில் வெகுநேரம் நின்றார்.

மருத்துவமனையில் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற அம்மாள் ஒருவர் இருந்தார். அவர் ஒரு வழி சொன்னார். ஒரு ஆய்வகத்தில் இப்படிப்பட்டவர்களுக்காகவே ஒரு செயலி செய்திருக்கிறார்கள். அறுவைக்கு முன்னால், குரல் முழுதாகப் போவதற்குள், அவர்கள் கொடுக்கும் வாக்கியங்களைப் படித்துப் பதிவு செய்ய வேண்டும். எல்லாம் முடிந்ததும் ஒரு பொத்தானை அழுத்தினால் பதிவுகள் ஆய்வகத்துக்குப் போகும். அவர்கள் அதை வைத்து ஒரு குரலைக் கட்டி அனுப்புவார்கள். அப்புறம் என்ன தட்டச்சு செய்தாலும் கணினி அவர் குரலிலேயே பேசும். ஒரே சங்கடம், செயலி மேக் கணினியில்தான் ஓடும்.

மேனேஜரம்மாவின் தம்பி அன்று மாலையே தன்னுடைய மேக் மடிக்கணினியைக் கொண்டுவந்து வைத்துவிட்டான். "அக்கா, இது உங்க ஆபீஸ் கம்ப்யூட்டர் மாதிரி இல்ல, பார்த்து" என்றான். "கம்ப்யூட்டர்னா கம்ப்யூட்டர்தானேடா" என்றாள் அவள். சொல்லக்கூடியவள்தான். பள்ளி அலுவலகத்தில் அச்சு இயந்திரம் மக்கர் செய்தாலும், ஆசிரியர் யாருக்காவது கோப்பு தொலைந்தாலும் அவளைத்தான் கூப்பிடுவார்கள். அவள் எத்தனையோ செயலிகளை நிறுவியிருக்கிறாள். இறக்கியதை இரண்டு தரம் சொடுக்கு, வருகிற பெட்டிக்கெல்லாம் 'சரி' என்று அழுத்து, முடிந்தது. இத்தனை வருஷமாக அந்த 'சரி' அவளைக் கைவிட்டதில்லை.

செயலியை இறக்கினாள். இறங்கியதை இரண்டு தரம் சொடுக்கினாள். திரையில் வெள்ளையாக ஒரு வட்டுப் படம் முளைத்தது, கூடவே ஒரு சின்ன ஜன்னல் திறந்தது. ஜன்னலுக்குள் இடப்பக்கம் ஒலிவாங்கிப் படம், வலப்பக்கம் ஒரு கோப்புறைப் படம், நடுவில் இங்கிருந்து அங்கே என்று ஓர் அம்புக்குறி.

"அழகா படமெல்லாம் போட்டு வச்சிருக்கான் பாருங்க" என்றாள். ஒலிவாங்கியை இரண்டு தரம் சொடுக்கினாள். இது இணையத்தில் இறக்கியது, திறக்கலாமா என்று ஒரு பெட்டி கேட்டது. திறந்தாள். இன்னொரு பெட்டி ஆங்கிலத்தில் நாலு வரி சொன்னது. அதற்கும் 'சரி' போட்டாள். செயலி திறந்துகொண்டது. கீழே படங்கள் வரிசையாக இருக்கும் பட்டையிலும் ஒலிவாங்கி வந்து உட்கார்ந்தது. அங்கேயே இருக்கட்டும் என்று அதை நிலையாகவும் பதித்து வைத்தாள்.

திறந்ததும் ஓர் ஆண்குரல், "வணக்கம். இது மாதிரிக் குரல். உங்கள் குரல் தயாராகும் வரை நான் பேசுவேன்" என்றது.

அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்த நோய் வீட்டுக்குள் வந்த பிறகு அவள் சிரித்தது அன்றுதான். "ஐயோ, யாருங்க இவன்? லிஃப்டுக்குள்ள கதவு மூடுகிறதுன்னு சொல்ற ஆளு மாதிரி! இவன் நம்ம வீட்டுல பேசினா நான் வாசல்லயே நின்னுடுவேன்."

"அப்ப சீக்கிரம் படிச்சு முடிச்சு இவனை வெளியே அனுப்பணும்" என்றார் அவர்.

வாக்கியங்கள் இருநூற்றுச் சொச்சம். எல்லாம் ஒரு தினுசானவை. 'நீல நிறச் சைக்கிள் மரத்தடியில் நிற்கிறது.' 'நாளை மழை வந்தாலும் வரலாம்.' 'ஐயோ, பாலைப் பூனை குடித்துவிட்டதே.' முதல் வாக்கியத்தையே அவர் சந்தைக் குரலில் எடுத்துவிட்டார். அளவு காட்டுகிற கோடு சிவப்பாகி மேலே முட்டியது.

"நீலச் சைக்கிள் ஒரு தரம்! நீலச் சைக்கிள் ரெண்டு தரம்!" என்றார் விடாமல்.

"விக்கச் சொல்லலங்க, படிக்கச் சொல்லியிருக்காங்க" என்று அவள் தலையில் அடித்துக்கொண்டாள். "என்கிட்ட பேசற மாதிரி பேசுங்க. அந்தக் குரல்தான் வேணும். சந்தைக்குரலை வச்சுக்கிட்டு நான் என்ன பண்ண?"

அப்படித்தான் வீட்டுக்குரல் அந்தக் கணினிக்குள் போனது. மாலை தோறும் ஜன்னலைச் சாத்தி, மின்விசிறியை நிறுத்தி, வியர்க்க வியர்க்க உட்கார்ந்து படித்தார். ஒவ்வொரு வாக்கியம் முடிந்ததும் பக்கத்தில் பச்சைப் புள்ளி விழும். சொந்த வாக்கியங்கள் சேர்க்கவும் கொஞ்சம் இடம் விட்டிருந்தார்கள். முதல் இடத்தில் 'மேனேஜரம்மா' என்றுதான் போட வேண்டும் என்று அவள் அடம்பிடித்தாள். கடைசி எழுத்தை இழுத்து, நாலைந்து விதமாகச் சொல்ல வைத்து, எது வேண்டும் என்று அவளே பொறுக்கினாள். நல்லவேளையாக அதையெல்லாம் முதலிலேயே முடித்துவிட்டார்கள், ஏனென்றால் போகப்போகக் குரல் தேய்ந்துகொண்டே வந்தது. கடைசி வாக்கியங்கள் வெறும் காற்றாகத்தான் விழுந்தன. "பரவாயில்ல, முதல்ல சொன்னதெல்லாம் நல்லா இருக்கே, அதை வச்சு இதைச் சரிபண்ணிடுவாங்க" என்றாள்.

பதிவு முடிந்ததும் அவள் மடிக்கணினியை மூடி வைப்பாளே தவிர, அணைத்ததில்லை. திறந்தால் விட்ட இடத்தில் அப்படியே இருக்கும், பச்சைப் புள்ளிகள் வரிசையாக. அதனால் ஒன்றும் தெரியவில்லை.

மருத்துவமனையில் சேர வேண்டிய நாளுக்கு முந்தின மாலை எல்லாப் புள்ளியும் பச்சையானது. அனுப்பும் பொத்தானை அழுத்தினார்கள். வீட்டு இணையம் அன்று பார்த்துப் படுத்துக்கொண்டது. "காலைல ஆஸ்பத்திரில இருந்தே அனுப்பிக்கலாம், அங்க நல்லா வரும்" என்று சொல்லிவிட்டு, பெட்டியில் வைக்கப் போகிறோமே, சூடாகிவிடக் கூடாதே என்று கணினியை முதல் தடவையாக முழுதாக அணைத்தாள். துணி மடிக்கிற மாதிரி அதை ஒரு துண்டில் சுற்றினாள். "பாவம், அதுவும் கொஞ்சம் தூங்கட்டும்" என்றாள்.

காலையில் அவள் குளிக்கப் போயிருந்தபோது அவருக்கு ஓர் ஆசை வந்தது. அந்த 'மேனேஜரம்மா'வை ஒரு தரம் கேட்க வேண்டும். துண்டைப் பிரித்துக் கணினியைத் திறந்தார். கீழ்ப்பட்டையில் ஒலிவாங்கி இருந்த இடத்தில் ஒரு கேள்விக்குறி இருந்தது. அழுத்திப் பார்த்தார், அசையவில்லை. திரையிலிருந்த வெள்ளை வட்டையும் காணவில்லை. மனைவி செய்ததைப் பக்கத்தில் இருந்து பார்த்தவர்தானே, இறக்கிய கோப்பைத் தேடி இரண்டு தரம் சொடுக்கினார். வட்டு முளைத்தது, ஜன்னல் திறந்தது. ஒலிவாங்கி, அம்புக்குறி, கோப்புறை. திறந்தார்.

'வணக்கம். இது மாதிரிக் குரல்' என்றது அது. புள்ளிகள் எல்லாம் சாம்பல் நிறத்தில் இருந்தன. பதிவான வாக்கியங்கள் பூஜ்யம் என்று மேலே எழுதியிருந்தது.

செயலிக்குள்ளேயே உதவி எண் இருந்தது. குளியலறையில் தண்ணீர்ச் சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும்போதே கூப்பிட்டார். ஒரு பெண் எடுத்தாள்.

"சார், கொஞ்சம் சத்தமா பேசுங்க, கேக்கல" என்றாள்.

வெண்கலத்திடம் ஒருத்தி சத்தமாகப் பேசச் சொல்கிறாள். அவர் தொண்டையை அழுத்திப் பிடித்துக்கொண்டு இருக்கிற காற்றையெல்லாம் திரட்டி விஷயத்தைச் சொன்னார்.

"சார், முதல்ல நிறுவும்போது, அந்த ஜன்னல்ல இருந்த படத்தைப் பிடிச்சு, அம்புக்குறி காட்டற ஃபோல்டருக்குள்ள இழுத்துப் போட்டீங்களா?"

"இல்லம்மா. ரெண்டு தரம் சொடுக்கித் திறந்தோம்."

அவள் நிதானமாக விளக்கினாள். அந்த வெள்ளை வட்டு, சரக்கு வந்த பெட்டி மாதிரி. செயலியை அதிலிருந்து வெளியே எடுத்துக் கணினியின் செயலிக் கோப்புறைக்குள் இழுத்துப் போட்டால்தான் அது நிறுவப்பட்டதாகும். இழுக்காமல் உள்ளேயே திறந்தாலும் ஓடும். ஆனால் அந்தப் பெட்டிக்குள் எதையும் எழுத முடியாது. அதனால் பதிவுகளைத் தற்காலிக இடத்தில் வைத்திருக்கும். கணினியை அணைத்தால் அந்த இடம் துடைக்கப்பட்டுவிடும்.

"மேக் புதுசா வாங்கறவங்க நிறைய பேர் இப்படிப் பண்ணிடறாங்க சார். இதைப் பத்தி ஒரு மெசேஜ் வருமே, பார்க்கலியா?"

"அணைச்சாச்சு. எடுக்க முடியுமா?"

"முடியாது சார். மறுபடி பதிவு பண்ணிக்கலாமே? ஒண்ணும் அவசரம் இல்லியே?"

"இல்லம்மா" என்றார் அவர். "அவசரம் ஒண்ணும் இல்ல."

ஒலிவாங்கியைப் பிடித்து, அம்புக்குறி வழியாக இழுத்து, கோப்புறை மேல் விட்டார். அரைக் கண்ணிமைப்பு நேரம்கூட ஆகவில்லை. இவ்வளவுதானா என்று இருந்தது. நிறுவப்பட்ட செயலியைத் திறந்து, முதல் சொந்த வாக்கியத்துக்கு எதிரே பதிவுப் பொத்தானை அழுத்தி, 'மேனேஜரம்மா' என்று சொல்லிப் பார்த்தார். கிழிந்த துருத்தி மாதிரி காற்றுதான் வந்தது. இது அவளுக்கு வேண்டிய குரல் இல்லை. சொல்லப்போனால் இது யாருடைய குரலும் இல்லை. அழித்துவிட்டார்.

சந்தையில் யார் யாருடைய கைப்பேசியிலோ அவர் ஏலம் கூறுகிற துண்டுப் படங்கள் இருக்கத்தான் செய்தன. எல்லாம் இரைச்சலுக்கு நடுவே அடித்தொண்டையில் கத்தியவை. வீட்டுக்குரலை யாரும் படம் பிடித்ததில்லை. அது அந்தப் பச்சைப் புள்ளிகளில் மட்டும்தான் இருந்தது. அவற்றைத் துடைத்தது அவளுடைய கைதான் என்று தெரிந்தால் அவள் என்ன ஆவாள் என்று அவர் நினைத்துப் பார்த்தார். ஒரு பேனா மூடி தொலைந்தாலே வீட்டைத் தலைகீழாக்குகிறவள். தன்னைத் தானே தின்றுகொண்டு செத்தே போவாள். அவளுக்கு இது தெரியவே கூடாது. குளியலறைக் கதவு திறப்பதற்குள் கணினி மறுபடியும் துண்டுக்குள் போய்விட்டது.

அறுவை அறைக்குத் தள்ளிக்கொண்டு போகும்போது அவள் சக்கரக் கட்டிலைப் பிடித்தபடி கூடவே வந்தாள். உள்ளே விடமாட்டார்கள் என்கிற இடம் வந்ததும் குனிந்து, "நான் மருந்து வாங்கப் போனப்ப அனுப்பிட்டீங்கல்ல?" என்று கேட்டாள்.

"அனுப்பிட்டேன்" என்றார்.

அவர் வாயிலிருந்து அவள் கேட்ட கடைசி வார்த்தை அதுதான். பொய்.

வீடு திரும்பியபோது கழுத்தில் ஒரு துளையும், அதன் மேல் ஒரு துணியும், கையில் ஒரு சின்ன வெள்ளைப் பலகையும் இருந்தன. சந்தைக்காரர்கள் வந்து பார்த்தார்கள். ஆளே சத்தமில்லாமல் போய்விட்ட துக்கத்தில் அவர்களும் தணிந்த குரலில் பேசினார்கள், அதுதான் அவருக்குத் தாங்கவில்லை. 'கத்திப் பேசுங்கடா, எனக்குக் காது நல்லாத்தான் கேக்குது' என்று பலகையில் எழுதிக் காட்டினார். சிரித்தார்கள். அப்புறம் மெல்ல வருவதைக் குறைத்துக்கொண்டார்கள்.

மேனேஜரம்மா வேலையிலிருந்து வந்ததும் செருப்பைக்கூடக் கழற்றாமல், "குரல் வந்துடுச்சா?" என்பாள். அவர் இல்லை என்று தலையாட்டுவார். 'நிறைய பேர் காத்திருக்காங்களாம்' என்று எழுதுவார். 'ஏதோ கோளாறாம், சரிபண்றாங்களாம்' என்று எழுதுவார். அவள் முகம் விழும், மறுநாள் மாலைக்குள் தானே எழுந்து நிற்கும். நடுவில் ஒரு நாள் கோபமும் வந்தது. "நீங்க ஒழுங்கா கேக்கலையோ என்னவோ. உங்களுக்குப் பேசணும்னு ஆசையே இல்லையா? இந்தப் பலகையோட நான் எத்தனை நாள் குடும்பம் நடத்தறது?" என்று கத்திவிட்டு, கத்தியதற்காக அழுதாள். அவர் பலகையை மடியில் வைத்துக்கொண்டு பேசாமல் இருந்தார். பேசாமல் இருந்தார் என்று எழுதுவதற்கே கூசுகிறது, வேறு என்ன செய்வார் மனிதர்?

பயிற்சி கொடுக்கிற அம்மாள்தான் முடிச்சை இறுக்கியது. "இவ்வளவு மாசமா ஆகும்? எனக்குத் தெரிஞ்சு மத்தவங்களுக்கெல்லாம் எப்பவோ வந்துடுச்சே" என்றார். மேனேஜரம்மாவுக்குப் பொறுமை போய்விட்டது. "வர்ற திங்கள் லீவு போட்டுட்டு நானே ஆய்வகத்துக்குப் போன் பண்றேன். நாலு கேள்வி கேட்டாத்தான் வேலை நடக்கும்" என்றாள். அவள் கேட்டால் என்ன பதில் வரும் என்று அவருக்குத் தெரியும். உங்களிடமிருந்து எதுவுமே வரவில்லையே என்பார்கள். அப்புறம் ஏன் என்று கேட்பாள். அப்புறம் அணைத்தீர்களா என்று அவர்கள் கேட்பார்கள்.

அவள் வேலைக்குப் போன பிறகு அவர் கணினியைத் திறந்து உட்கார்ந்தார். இப்போது செயலி சரியான இடத்தில் இருந்தது. அணைத்தாலும் போகாது, கேள்விக்குறி வராது, ஆனால் காப்பாற்றத்தான் உள்ளே ஒன்றும் இல்லை, அந்த மாதிரிக் குரலைத் தவிர. அதற்கு வேகம் என்று ஒரு கோடு இருந்தது, கனம் என்று ஒரு கோடு இருந்தது. பதிவுப் பொத்தானைத் தொடாமல், அந்த இரண்டு கோடுகளை மட்டும் தள்ளித் தள்ளி, அந்த லிஃப்ட்காரனைத் தன் பக்கமாக நகர்த்தப் பார்த்தார். கனத்தை இறக்கினார். வேகத்தைக் குறைத்தார். கடைசி எழுத்தை இழுக்க வைப்பதற்காக அதே எழுத்தை இரண்டு மூன்று தரம் தட்டிப் பார்த்தார். என்ன செய்தும் அவன் அவனாகத்தான் இருந்தான். தன் குரல் எப்படி இருந்தது என்பது அவருக்கே நாளுக்கு நாள் மங்கிக்கொண்டு வந்தது. இருந்தாலும் விடவில்லை. அவருக்கு ஒரு யோசனை இருந்தது. குரல் வந்துவிட்டது, ஆனால் ஆய்வகத்துக்காரர்கள் கெடுத்துவிட்டார்கள் என்று சொல்லலாம். அவள் கேட்டுவிட்டு, இது நீங்களே இல்லையே என்று கத்துவாள். முகம் தெரியாத ஆய்வகத்தை வாய் வலிக்கத் திட்டுவாள். திட்டட்டும். திட்ட வேறு ஆள் கிடைத்துவிட்டால் அவள் பிழைத்துக்கொள்வாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை பலகையில், 'வந்துடுச்சு. ஆனா சரியா வரலைன்னு தோணுது' என்று எழுதி நீட்டினார்.

அவள் கையிலிருந்த துணியை அப்படியே போட்டுவிட்டு வந்தாள். நாற்காலியை இழுத்துப் போட்டு, ஈரக் கையைப் புடவையில் துடைத்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளை மாதிரி நிமிர்ந்து உட்கார்ந்தாள். "என்னைக் கூப்பிடுங்க" என்றாள்.

அவர் விசையை அழுத்தினார்.

"மேனேஜரம்மா" என்றது கணினி.

அவர் திரையைப் பார்க்கவில்லை, அவள் இமையைப் பார்த்தார். அது பழக்கதோஷம். அந்த இமை அசையவில்லை. பிறகு மெதுவாக மூடியது, ஓரத்தில் தண்ணீர் வழிந்தது.

"அப்படியே இருக்குங்க" என்றாள். "அப்படியே உங்க குரல்தான். எங்க சரியா வரலை? நீங்க ஒரு ஆளு!"

அவர் அவள் முகத்தை இன்னும் கிட்டத்தில் பார்த்தார். தனக்காகச் சொல்கிறாளோ, மனசு நோகக் கூடாது என்று நடிக்கிறாளோ என்று பார்த்தார். எத்தனையோ ஆயிரம் முகத்தைப் பார்த்துப் பொய்யையும் நிஜத்தையும் பிரித்தவர். இதில் பொய் இல்லை. லிஃப்டுக்குள் பேசுகிறவன் என்று எவனைப் பார்த்துச் சிரித்தாளோ, அவன் கூப்பிட்டதைக் கேட்டுத்தான் அவள் அழுதுகொண்டிருந்தாள். இத்தனை மாதம் அந்தக் குரலுக்காகக் காத்திருந்ததிலேயே அது அவளுக்குள் தேய்ந்து போயிருந்தது. காலியாகிவிட்ட அந்த இடத்தில் வந்தவனை அவள் உட்கார வைத்துவிட்டாள்.

அவர் நினைத்தது நடந்துவிட்டது. அவள் இனி ஆய்வகத்துக்குப் போன் பண்ண மாட்டாள். அம்புக்குறியைப் பற்றியோ அணைத்ததைப் பற்றியோ அவளுக்கு ஒரு நாளும் தெரிய வராது. நிம்மதியாக இருக்க வேண்டியதுதான். ஆனால் நிம்மதி வரவில்லை. கணினியில் அழிந்தபோதும், கத்தியில் போனபோதும் தன் குரல் எங்கேயோ ஓரிடத்தில் பத்திரமாக இருக்கிறது என்று அவர் நினைத்துக்கொண்டிருந்தார். அது அவளுக்குள்தான் என்று, அந்த இடமும் காலியான பிறகு இப்போதுதான் தெரிந்தது. இல்லை, இது நான் இல்லை என்று எழுதுவதற்குப் பலகையை எடுத்தார். எழுதாமல் கீழே வைத்தார்.

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு எழுந்தாள். முகமெல்லாம் வெளிச்சமாக இருந்தது. "இருங்க இருங்க, நான் சமையலறைக்குப் போறேன். அங்க இருக்கும்போது கூப்பிடுங்க, முன்ன மாதிரி" என்று சொல்லிவிட்டு ஓடினாள். பாத்திரம் நகர்த்துகிற சத்தம் கேட்டது. "ம், கூப்பிடுங்க!" என்றாள்.

அவர் விசையை அழுத்தினார். அந்த ஆள் கூப்பிட்டான்.

"இதோ வந்துட்டேங்க" என்று உள்ளே இருந்து பதில் வந்தது.